லிஸ்பனை மேட்டிலிருந்து இறங்கிப் பாருங்கள்: நான்கு நாளுக்கான முழுமையான வழிகாட்டி

லிஸ்பனுக்குக் கிளம்பும் முன் ஒரு தேதியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: 1755 நவம்பர் 1. அன்று சகல புனிதர்கள் திருநாள். ஊரே காலைப் பூசைக்குத் தேவாலயங்களில் கூடியிருந்தபோது நிலம் ஆடியது. ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்திகள் சரிந்து தீ பிடித்தது. தப்பித்து ஆற்றங்கரைக்கு ஓடியவர்களைத் தேஜு ஆற்றின் வழியே ஏறிவந்த கடல் வாரிக்கொண்டு போனது. தீ நாள்கணக்கில் எரிந்தது. அரசர் முதலாம் ஜோசே அதற்குப் பிறகு கல் கூரைக்குக் கீழே தூங்கப் பயந்து, அஜூடா மேட்டில் மரத்தாலான அரண்மனை கட்டிக்கொண்டு வாழ்ந்தார்.

இந்த ஒரு காலைப் பொழுதுதான் இந்த ஊருக்கு நான் தரும் வரைபடம். எந்தத் தெருவில் நின்றாலும் "இது அதற்கு முன்னால் இருந்ததா, பின்னால் கட்டியதா?" என்று கேட்டுப் பாருங்கள். வளைந்து நெளிந்து குறுகலாகப் போகிறதா? பெரும்பாலும் முன்னால். அளவுகோல் வைத்துக் கோடு போட்டது போல் நேராக ஓடுகிறதா? பின்னால். இதைப் பிடித்துக்கொண்டால் ஊர் தானாகவே புரிய ஆரம்பிக்கும்.

முதல் படி: எப்போது, எங்கே தங்குவது

மார்ச் கடைசியிலிருந்து மே வரை, அல்லது செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் வரை போங்கள். ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் சேர்ந்து மேடேறுவதைத் தண்டனையாக்கிவிடும். டிசம்பர், ஜனவரியில் மழை. இந்த ஊரின் நடைபாதைகள் சிறு சுண்ணாம்புக் கற்களைப் பதித்துப் போட்டவை. பல தலைமுறைக் கால்கள் தேய்த்த கல் நனைந்தால் கண்ணாடி போல வழுக்கும். அதனால் எந்த மாதம் போனாலும் அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ரப்பர் காலணி கட்டாயம். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம்.

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். கோடை நெருங்க நெருங்க நேர்காணல் தேதி கிடைப்பது கடினமாகும், முந்திக்கொள்ளுங்கள்.

தங்கும் இடம் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. எல்லோரும் பழைய மேட்டுப் பகுதியான அல்ஃபாமாவில் அறை தேடுவார்கள். வேண்டாம். அங்கே வீடுகள் ஒவ்வொன்றாகச் சுற்றுலா வாடகைக்குப் போய், தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் ஊரின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். நடுராத்திரியில் கல்தெருவில் பெட்டிச் சக்கரம் இழுக்கும் சத்தம் அங்கே மிச்சமிருக்கும் கிழவிகளின் தூக்கத்தைக் கெடுக்கிறது. அஞ்சுஸ், அரோயுஸ் பக்கம் தங்குங்கள். பச்சை மெட்ரோ தடம் வாசலில் நிற்கும், வாடகை குறைவு, சாப்பாட்டுக் கடைகள் ஊர்க்காரர்களுக்கானவை.

அறைக்குப் போனதும் உங்கள் கையில் கொடுப்பது "ஷாவ்". நம் சாவி அதுதான். திறக்கச் சொல்வது "ஜனேலா", நம் ஜன்னல். உட்காரச் சொல்வது "மேஸா", நம் மேஜை. அலமாரி, வராந்தா, பொத்தான், பாதிரி, மேஸ்திரி, ஏலம் எல்லாம் இந்த ஊரிலிருந்து கப்பலேறி வந்து நம் வீட்டில் தங்கிவிட்ட சொற்கள். யாழ்ப்பாணத்துக்காரருக்கு ரொட்டிக் கடையில் இன்னும் ஒன்று கூடுதலாகக் கிடைக்கும்: அங்கே "பாவ்ன்" என்று மூக்கால் சொல்வது பாண்.

இரண்டாம் படி: ஊருக்குள் நகர்வது

விமான நிலையத்திலிருந்தே சிவப்பு மெட்ரோ இருக்கிறது. அலமேடா நிலையத்தில் இறங்கிப் பச்சைத் தடத்துக்கு மாறினால் ஊர் நடுவுக்கு வந்துவிடலாம். டாக்சி தேவையில்லை. நிலையத்தில் 50 சென்ட் கொடுத்து நவெகான்ட் அட்டை வாங்கி, அதில் பணம் ஏற்றிக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும், ஒரே அட்டையை இருவர் தட்ட முடியாது. மெட்ரோ, டிராம், பேருந்து, ஆற்றுப் படகு எல்லாவற்றிலும் இது செல்லும்.

28ஆம் எண் மஞ்சள் டிராமைப் பற்றி எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஏறத்தான் வேண்டும், ஆனால் காலை எட்டு மணிக்கு முன்னால். அதற்குப் பிறகு மார்ட்டிம் மொனீஸ் சதுக்கத்தில் வரிசை நீண்டுவிடும், வண்டிக்குள் நெரிசலில் ஜேப்படிக்காரர்கள் கை நீளும். காலையில் ஏறினால் வேலைக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து, மரச் சட்ட ஜன்னலைத் திறந்து வைத்து, சுவரைத் தொடும் தூரத்தில் வளைவுகளைக் கடக்கலாம்.

மேடேறும் கேபிள் வண்டிகள் பற்றி ஒரு வார்த்தை. 2025 செப்டம்பரில் குளோரியா வண்டி தடம் புரண்டு 16 பேர் இறந்தார்கள். எந்த வண்டி ஓடுகிறது என்பதை அங்கே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். 1902இல் திறந்த சாந்தா ஜுஷ்டா இரும்புத் தூக்கிக்கும் அப்படித்தான். கார்மு சதுக்கத்திலிருந்து நடந்தே அதன் மேல்தளத்தின் பக்கம் போய்விடலாம்.

மூன்றாம் படி: முதல் காலை, அல்ஃபாமா

பூகம்பத்தில் பெரும்பாலும் தப்பிய பகுதி இது. பெயரே அரபு. வெந்நீர் ஊற்று என்று பொருள் வரும் சொல்லிலிருந்து வந்தது. 1147இல் அஃபோன்சு என்ரிக்கிஸ் ஊரைப் பிடிக்கும் வரை நானூறு ஆண்டுக்கு மேல் இது முஸ்லிம்களின் நகரம். தெருக்களை ஒரு முறை நடந்து பார்த்தால் அது இன்னும் தெரியும்.

காலை டிராமில் போர்த்தாஸ் டு சோல் நிறுத்தத்தில் இறங்குங்கள். ஆறு கீழே விரிந்து கிடக்கும். கொஞ்சம் தள்ளி சாந்தா லூஸியா தேவாலயத்தின் வெளிச்சுவரில் நீல ஓட்டுப் படங்கள் இரண்டு இருக்கின்றன. ஒன்றில் 1147இன் கோட்டைப் போர். இன்னொன்றில் பூகம்பத்துக்கு முந்தைய ஆற்றங்கரைச் சதுக்கம், அரண்மனையோடு. முதுகைக் காட்டி நின்று படமெடுத்துவிட்டுப் போகிறார்கள் பலர். நீங்கள் திரும்பி நின்று அந்த இரண்டாவது படத்தை நன்றாகப் பாருங்கள். நாளை பைஷாவின் ஆற்றங்கரை முனையில், அந்தச் சதுக்கத்தில் நிற்கும்போது அது தேவைப்படும்.

இனி இறங்குங்கள். இறங்குவதற்கு வழி சொல்ல மாட்டேன். அல்ஃபாமாவில் கைபேசி வரைபடம் பாதிக்கு மேல் ஏமாற்றும், வழி தவறினாலும் ஆற்றுக்குத்தான் வந்து சேர்வீர்கள். தெருப்பலகைகளை மட்டும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். "ருவா" என்றால் தெரு, "பெக்கு" என்றால் சந்து, பல சமயம் முட்டுச்சந்து, "எஷ்காதினியாஷ்" என்றால் படிக்கட்டு. பெக்கு டு கார்னெய்ரு என்ற சந்தில் இரண்டு பக்கக் கூரைகளும் கிட்டத்தட்ட முட்டிக்கொள்ளும். துணி காய்கிற கொடிகளுக்குக் கீழே போகும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளுங்கள், ஜன்னலுக்கு உள்ளே ஒருவர் காலை உணவு சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

மேற்கே பேராலயத்தைத் தாண்டினால் ஒரு சிறிய தேவாலயம் வரும். உவரியிலும் கச்சத்தீவிலும் கொழும்பு கொச்சிக்கடையிலும் நாம் கும்பிடுகிற புனித அந்தோணியார் பிறந்த இடம் இதுதான் என்று இந்த ஊர்க்காரர்கள் போற்றுகிறார்கள். உலகம் அவரைப் பதுவா அந்தோணியார் என்கிறது, லிஸ்பன்காரர்கள் அதை ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். பூகம்பத்தில் இடிந்த இந்தக் கோயிலைத் திரும்பக் கட்ட ஊர்க் குழந்தைகள் தெருத்தெருவாய்க் "காசு கொடுங்கள், அந்தோணியாருக்கு" என்று கேட்டுப் பணம் சேர்த்தார்கள். நிலவறைக்கு இறங்கிப் பாருங்கள். ஜூன் 12 இரவு வரமுடிந்தால் வேறெதையும் யோசிக்காமல் வாருங்கள். அன்று சந்துக்குச் சந்து கரியடுப்பில் மத்தி மீன் சுடும் புகை எழும், கடைகளில் சிறு துளசி வகைச் செடித் தொட்டியில் காகிதப் பூவும் நாலு வரிப் பாட்டும் குத்தி விற்பார்கள், விடிய விடிய ஆட்டம்.

பேராலயத்துக்குப் பக்கத்திலேயே அல்ஜூபி அருங்காட்சியகம். சர்வாதிகாரக் காலத்தில் அரசியல் கைதிகளை அடைத்துச் சித்திரவதை செய்த சிறை. அழகான ஊர்களில் இப்படியொரு இடத்தைத் தவிர்த்துவிடத் தோன்றும். தவிர்க்காதீர்கள்.

நான்காம் படி: பைஷாவும் கார்முவும்

நேர்கோட்டுத் தெருக்களின் பகுதி இது. பூகம்பத்துக்குப் பிறகு, பின்னாளில் போம்பால் பிரபு என்று பட்டம் பெற்ற அமைச்சர் பொறியாளர்களைக் கொண்டு முழுதாகத் திட்டமிட்டுக் கட்டியது. சுவர்களுக்குள்ளே மரச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூண்டு போல வைத்தார்கள். மண் ஆடினால் வீடு நொறுங்காமல் சேர்ந்து ஆடும் என்பது கணக்கு. மாதிரிக் கட்டடத்தைச் சுற்றிப் படைவீரர்களை மிதித்து நடக்கவிட்டு அதிர்வைச் சோதித்ததாகச் சொல்கிறார்கள். தெருக்களுக்குத் தொழில்களின் பெயர்: பொற்கொல்லர், வெள்ளி வேலைக்காரர், செருப்புத் தைப்பவர், துணி வணிகர்.

இங்கே யாரும் அதிகம் போகாத ஓர் இடம், ருவா துஸ் கொரெய்ருஸ் தெருவில் ஒரு வங்கிக் கட்டடத்தின் அடியில் இருக்கிறது. 1990களில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது ரோமானியர் மீனை உப்புப் போட்டு ஊறவைத்த தொட்டிகள் வெளிப்பட்டன. இலவசமாகக் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள், முன்பதிவு செய்துகொள்ளுங்கள். போம்பால் காலத்தில் சேற்று நிலத்தில் அடித்து இறக்கிய பைன் மரக் கட்டைகளையும் அங்கேயே பார்க்கலாம். மொத்த பைஷாவும் அந்தக் கட்டைகளின் மேல்தான் நிற்கிறது.

ரோசியு சதுக்கத்துக்குப் பக்கத்தில் சாந்து டொமிங்குஸ் தேவாலயத்துக்குள் போங்கள். 1959 தீயில் வெந்து வெடித்த தூண்களைச் சீர்செய்யாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். வெளியே 1506இல் கொன்று குவிக்கப்பட்ட யூதர்களுக்கான நினைவுக் கல். எதிரே 1840 முதல் இருக்கும் குட்டிக் கடையில் புளிப்புச் செர்ரி மது நின்றுகொண்டே குடிக்கிறார்கள். பழத்தோடா, பழமில்லாமலா என்று கேட்பார்கள். கொஞ்சம் நடந்தால் ஃபிகெய்ரா சதுக்கத்தில் 1830 முதல் நடக்கும் பொம்மை ஆஸ்பத்திரி. கை முறிந்த பொம்மைகளை இன்றும் வைத்தியம் பார்த்து அனுப்புகிறார்கள். ருவா தாஸ் போர்த்தாஸ் டி சாந்து அந்தாவ்ன் தெருவில் காஸா டு அலெந்தேஜு என்ற கட்டடம் வெளியிலிருந்து சாதாரணமாக இருக்கும், கதவைத் தாண்டினால் அரபுப் பாணி முற்றம்.

மாலையில் மேடேறிக் கார்மு மடத்துக்குப் போங்கள். கூரை 1755இல் விழுந்தது, திரும்பப் போடவில்லை. கல் வளைவுகள் மட்டும் வானத்தைத் தாங்கி நிற்கின்றன. ஊரில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் நுழைவுச்சீட்டு வாங்க முடியும் என்றால் நான் இதற்கு வாங்குவேன். வெளியே உள்ள சதுக்கத்தில்தான் 1974 ஏப்ரல் 25 அன்று, சர்வாதிகாரத்தைக் கவிழ்க்க எழுந்த கேப்டன் சல்கெய்ரு மாயாவின் படை காவல் தலைமையகத்தைச் சுற்றிவளைத்து, உள்ளே ஒளிந்திருந்த பிரதமர் கயித்தானுவைச் சரணடையச் செய்தது. துப்பாக்கி முனைகளில் மக்கள் கார்னேஷன் பூக்களைச் செருகினார்கள்.

ஐந்தாம் படி: சாப்பாடு

"தாஷ்கா" என்று சொல்லும் சின்னக் குடும்பக் கடைகளைத் தேடுங்கள். காகித மேஜைவிரிப்பு, கையால் எழுதிய அன்றைய பட்டியல், பன்னிரண்டரை மணிக்குக் கட்டட வேலைக்காரர்கள் வந்து உட்காருகிறார்களா? உள்ளே போங்கள். வாசலில் நின்று கூப்பிடுகிறார்களா, ஆறு மொழியில் படம் போட்ட பட்டியலா? நகர்ந்துவிடுங்கள். மதியம் "அன்றைய சாப்பாடு" எப்போதும் மலிவு. இரவில் எட்டு மணிக்கு மேல்தான் ஊர் சாப்பிடும்.

உட்கார்ந்ததும் கேட்காமலே ரொட்டி, ஆலிவ், வெண்ணெய், பாலாடைக்கட்டி வந்து உட்காரும். அது இலவசம் இல்லை. தொட்டதற்குக் காசு உண்டு, தொடாததற்குக் கிடையாது. என் முதல் இரவில் ஒரு கடையில் தொடாத பாலாடைக்கட்டிக்கும் விலை போட்டிருந்தார்கள். பில்லைக் காட்டிக் கேட்டதும் கழித்துவிட்டார்கள். வேண்டாமென்றால் முதலிலேயே எடுத்துப் போகச் சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், முழு அளவு ஒன்று இருவருக்குக் காணும். "மேயா தோஸ்" என்று அரை அளவு கேட்கலாம்.

பக்கல்யாவ் என்பது உப்புக்கண்டம் போட்ட காட் மீன். கருவாட்டுக் குழம்பில் வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், வாசனையிலேயே வீடு வந்துவிடும். மெல்லிய உருளைக்கிழங்குச் சீவலும் முட்டையும் சேர்த்துக் கிளறிய "அ பிராஸ்" வகையில் ஆரம்பியுங்கள். அரிசியோடு நண்டு, இறால், சிப்பி சேர்த்துக் குழைய வேகவைத்த "அர்ரோஸ் டி மாரிஷ்கு" இன்னொன்று. பட்டியலில் "பாட்டு" என்று பார்த்தால் அது வாத்து. நம் சொல்லும் அங்கிருந்து வந்தது என்பார்கள்.

சைவக்காரர்கள் கொஞ்சம் சிரமப்படத்தான் வேண்டும். "செம் கார்ன், செம் பெய்ஷ்" என்றால் இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். காய்கறி சூப் எங்கும் கிடைக்கும், தொத்திறைச்சித் துண்டு போட்டிருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். "தோட்டத்து மீன்குஞ்சுகள்" என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. பயப்பட வேண்டாம், பீன்ஸை மாவில் தோய்த்துப் பொரித்தது, நம் பஜ்ஜிக்கு ஒன்றுவிட்ட சகோதரன். ஜப்பானின் டெம்புரா இதிலிருந்து பிறந்தது என்பார்கள். தேநீர்க் கடைகளில் "ஷமூசா" விற்கும். கோவாவும் மொசாம்பிக்கும் வழியாக லிஸ்பனுக்கு வந்து சேர்ந்த சமோசா. சோறும் காரமும் இல்லாமல் முடியவில்லை என்றால் மொராரியாவில் ருவா டு பென்ஃபொர்மோஸு தெருவுக்குப் போங்கள், வங்காளக் கடைகள் வரிசையாக இருக்கின்றன.

முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிச் சுட்ட பஸ்தேல் டி நாட்டாவைச் சூடாக மட்டும் சாப்பிடுங்கள். மேலே தூவ லவங்கப்பட்டைத் தூள் டப்பா வைத்திருப்பார்கள். 1505இல் இலங்கையில் வந்திறங்கி, லவங்கப்பட்டைக்காக 1658 வரை அந்தக் கரையை விடாமல் பிடித்திருந்தவர்கள் இவர்கள். அதைத் தூவும்போது எனக்கு அது நினைவுக்கு வராமல் இருந்ததில்லை.

ஆறாம் படி: ஃபாடு கேட்கும் இரவு

மொராரியாவும் அல்ஃபாமாவும்தான் இந்தப் பாட்டின் வீடு. 1147க்குப் பிறகு முஸ்லிம்களை ஒதுக்கி வைத்த சேரி மொராரியா. இங்கே ருவா டு கபெலாவ்ன் தெருவில் வாழ்ந்து 26 வயதில் இறந்த மரியா செவேரா தான் ஃபாடுவின் முதல் புகழ்பெற்ற குரல். போகும்போது பெக்கு தாஸ் ஃபரீனியாஷ் சந்தைப் பார்த்துவிடுங்கள். அங்கே வாழ்ந்த முதியவர்களின் புகைப்படங்களை அவர்கள் வீட்டுச் சுவர்களிலேயே பதித்திருக்கிறார்கள்.

சாப்பாட்டோடு பெரிய மேடை போட்ட நிகழ்ச்சிகள் வேண்டாம். "ஃபாடு வாதியு" நடக்கும் சின்னக் கடை ஒன்றைத் தேடுங்கள். சமையல்காரரோ டாக்சி ஓட்டுபவரோ எழுந்து பாடுவார். விளக்கு மங்கும், பன்னிரண்டு தந்தி கிடார் தொடங்கும். அந்த நொடியிலிருந்து பேச்சும் கரண்டிச் சத்தமும் கூடாது, கைபேசியும் கூடாது. மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த இழுவை எங்கே உடையும் என்று தெரியும்.

ஏழாம் படி: பெலேம்

வாஸ்கோ ட காமா 1497 ஜூலையில் புறப்பட்ட கரை. ஜெரோனிமோஸ் மடத்தின் கல்லில் கயிறும் பவளமும் கடல்பாசியும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வேலைக்குப் பணம் ஆசியாவிலிருந்து வந்த மிளகின் வருவாயில் ஐந்து சதவீதம். நம் மலையாளக் கரையின் மிளகுதான் அந்தத் தூண்கள். மிளகுக்காக வந்தவர்கள் அமெரிக்காவிலிருந்து மிளகாயையும் முந்திரியையும் கொய்யாவையும் நமக்குக் கொண்டுவந்தார்கள். பீரங்கியையும் கொண்டுவந்தார்கள். கரையோரக் கடற்பயண நினைவுச்சின்னம் இரண்டாவதைப் பற்றிப் பேசாது. 1960இல் சர்வாதிகார அரசு கட்டியது அது. அதன் முன் நின்று படமெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1554இல், தமிழ் எழுத்து அச்சேறுவதற்கு 24 ஆண்டு முன்பே, தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து அச்சடித்த கார்த்தில்யா என்ற செப நூல் லிஸ்பனில் வெளிவந்தது. நம் மொழி முதன்முதலில் அச்சைத் தொட்ட ஊர் இது.

பெலேம் கடையில் 1837 முதல் நாட்டா சுடுகிறார்கள். வாசலில் வரிசை நீளமாக இருந்தால் உள்ளே போய் உட்காருங்கள், இடம் ஏராளம். திங்கட்கிழமை மடம் மூடியிருக்கும்.

எட்டாம் படி: கிராசா, பழஞ்சந்தை, பிறகு ஆற்றைக் கடப்பது

நான்காம் நாளைச் செவ்வாயாகவோ சனியாகவோ வைத்துக்கொள்ளுங்கள். அன்றுதான் சாந்தா கிளாராவில் ஃபெய்ரா தா லாத்ரா பழஞ்சந்தை கூடும். தரையில் விரித்த துணியில் பழைய சாவிகள், பெயர் தெரியாத குடும்பங்களின் புகைப்படங்கள், தனித்தனி நீல ஓடுகள். ஓடு வாங்காதீர்கள். பழைய வீடுகளின் முகப்பிலிருந்து பெயர்த்துத் திருடியவையும் அவற்றில் இருக்கும், நாம் வாங்க வாங்கச் சுவர்கள் மொட்டையாகின்றன. பக்கத்தில் வெள்ளைக் குவிமாடத்தோடு நிற்பது பாந்தியன், நாட்டின் புகழ்பெற்றவர்களை அடக்கம் செய்யும் இடம். சாந்தா எங்கிராசியா தேவாலயமாக 1682இல் தொடங்கி 1966இல்தான் முடிந்தது. முடியாத வேலையை "சாந்தா எங்கிராசியா வேலை" என்று இன்றும் சொல்வார்கள். ஃபாடு அரசி அமாலியா உறங்குவது இங்கேதான், கல்லறையில் எப்போதும் பூ இருக்கும்.

மேலே கிராசாவில் வில்லா பெர்தா என்ற குட்டித் தெரு. பச்சை இரும்புத் தாழ்வாரங்களும் செடித் தொட்டிகளுமாக நூறாண்டுக்கு மேலான வீடுகள். சத்தமில்லாமல் நடந்து வாருங்கள். ஓடு அருங்காட்சியகம் கிழக்கே தள்ளி ஒரு பழைய மடத்தில் இருக்கிறது. பூகம்பத்துக்கு முந்தைய லிஸ்பன் முழுவதும் அங்கே 23 மீட்டர் நீள ஓட்டுப் படமாக இருக்கிறது. சீரமைப்புக்கு மூடுவதுண்டு, திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். நேரம் மிச்சமிருந்தால் அமொரெய்ராஸில் மாய் தாகுவா நீர்த்தேக்கம். பூகம்பத்திலும் விழாத நீர்ப்பாலத்தின் தண்ணீர் வந்து சேர்ந்த கல்மண்டபம், உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

சூரியன் சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது காய்ஷ் டு சொத்ரேயில் காசில்யாஸ் படகு ஏறுங்கள். அதே நவெகான்ட் அட்டைதான், பத்து நிமிடப் பயணம். அக்கரையில் பொரித்த மீனும் தக்காளிச் சோறும் சாப்பிடுங்கள். திரும்பும்போது படகின் வலப்பக்கம் இடம் பிடியுங்கள். முதலில் பாந்தியனின் வெள்ளைக் குவிமாடம் தெரியும், பிறகு அல்ஃபாமாவின் கூரைகளும் கோட்டையும், கடைசியாகத் தாழ்வில் போம்பாலின் நேர்த்தெருக்கள் ஒவ்வொன்றாக விளக்கேற்றிக்கொள்ளும்.